பெயரில்லாத செடி

கிரனாடா
12 ஜூன் 1996

அன்புள்ள அண்ணன் கயெதானோவுக்கு,

தங்கை எலாதியா எழுதுவது. முட்டி வலி எப்படி இருக்கிறது? பதினொரு வருடமாக நான் போடும் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கெல்லாம் புரா அண்ணிதான் பதில் எழுதுகிறாள். கையெழுத்து அவளுடையது, மௌனம் உங்களுடையது. இந்தக் கடிதத்தையாவது நீங்களே பிரித்துப் படியுங்கள். படித்துவிட்டுத் திட்டுங்கள், பரவாயில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் மலையின் மன்சானில்லா, நாம் பூவைக் கொதிக்கவைத்துக் குடித்து வளர்ந்த அந்த மூலிகை, சாகப்போகிறது. போன கோடையில் நாங்கள் ஆறு சரிவுகளில் ஏறி ஒவ்வொரு செடியாக எண்ணினோம். ஆறிலும் சேர்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு. நான் வனக்காவலராகச் சேர்ந்த வருடம் ஒரே சரிவில் அவ்வளவு இருந்தது. நாங்கள் போட்ட கம்பி வேலியைப் பனி அமுக்கிவிட்டது. மலையாடுகள் அதன் மேலேயே நடந்து வந்து மொட்டைக் கடித்துவிட்டுப் போகின்றன. ஆடு விட்டதை ஆள் பறித்துவிடுகிறான். பல்கலைக்கழகத்துப் பேராசிரியை இனெஸ் இதைச் சிவப்புப் பட்டியலின் கடைசிப் படியில் வைத்துவிட்டார். அதற்குக் கீழே 'அழிந்துவிட்டது' என்ற படி மட்டும்தான் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் தேட முடியாது அண்ணா. மூவாயிரம் மீட்டர் உயரத்தில், பனி உருகி ஓடும் அந்தப் பலகைக்கல் சரிவுகளை விட்டால் இதற்கு வேறு வீடு கிடையாது.

விதை வேண்டும். எங்கள் ஆறு சரிவிலும் ஒரு விதைகூடக் கிடைக்கவில்லை.

அந்தச் செடி நிற்கும் மூலை ஒன்றை அப்பா மலையில் உங்களுக்கு மட்டும் காட்டியிருக்கிறார். "பொட்டப்புள்ளைக்குக் காட்டக் கூடாது, கட்டிக்கிட்டுப் போற வீட்டுக்கு மூலையும் சேந்து போயிடும்" என்று அவர் உங்களிடம் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். கடைசியில் நான் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. மூலை எங்கும் போயிருக்காது.

உதவுவீர்களா?

உங்கள் தங்கை
எலாதியா


பெராலெஹா
30 ஜூன் 1996

மதிப்பிற்குரிய வனக்காவலர் அவர்களுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். முட்டி இரண்டும் போய்விட்டன, வாய் மட்டும் போகவில்லை என்று புரா சொல்கிறாள்.

அடேயப்பா, பதினொரு வருடம் கழித்து ஒரு வேலையாகத்தான் அண்ணன் ஞாபகம் வந்தது உனக்கு! நான் பறித்த பூ மூட்டையைப் பிடுங்கி எரித்தவளே இப்போது விதை இருக்கிறதா என்று கேட்கிறாய். கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லையா?

உன் முந்நூற்றுப் பன்னிரண்டை வைத்து என்னைப் பயமுறுத்தாதே. நாங்கள் என்ன, ஆற்றங்கரையில் இருந்து வந்த திருடர்கள் மாதிரி வேரோடு பிடுங்குகிறவர்களா? அப்பா நகத்தால் கிள்ளக் கற்றுக்கொடுத்தார். வேரை அசைத்தால் மண்டையில் குட்டுவார். நாற்பத்திரண்டு வருடமாகப் போகிறேன். போன வருடமும் போனேன், எல்லாவற்றையும் கிள்ளினேன். உன் நோட்டில் எழுதிக்கொள்.

என் மூலையில் ஒவ்வொரு செடிக்கும் பெயர் உண்டு. எல்லாம் அப்பா வைத்தது. பாறை உச்சியில் தொப்பி மாதிரி நிற்பவர் பிஷப். ஒரு பக்கமாகச் சாய்ந்தது நொண்டி. முள்ளுக்குள் உட்கார்ந்துகொண்டு கையைக் கிழிப்பவள் மாமியார். என்னிடம் விட்டுப்போனபோது அறுபத்தொன்று. ஒரு முறை பாறை உருண்டு நான்கு போனது. மீதி ஐம்பத்தேழும் இன்றைக்கும் இருக்கின்றன. உன் சர்க்காரால் இப்படி ஒரு சரிவையாவது காப்பாற்ற முடிந்ததா?

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். இதற்கு மட்டும் பதில் சொல். வருடத்தின் முதல் கைப்பிடி வீட்டுப் பங்கு, அதை விற்கக் கூடாது, சிவப்புக் கம்பளி நூலால் கட்டித் தனியாக வைக்க வேண்டும் என்பது உனக்கும் தெரியும். நீ பிடித்த மூட்டைக்குள் அந்தக் கட்டு இருந்தது. அம்மா படுக்கையில் கிடந்தாள். அவளுக்காகக் கொண்டுபோனது அது. செப்டம்பரில் அவள் கடைசியாகக் கேட்டது அந்த ஒரு கோப்பைதான். நான் மருந்துக் கடைப் பொட்டலத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது கடைத்தண்ணிடா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிவப்பு நூலை நீ பார்த்தாயா, பார்க்கவில்லையா?

கயெதானோ

(எலாதியா, நான் புரா. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.)


கிரனாடா
9 ஜூலை 1996

அன்புள்ள அண்ணா,

பார்த்தேன்.

மூட்டையை அவிழ்த்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். கையும் வைத்தேன். எங்கள் தலைவர் பின்னால் நின்றுகொண்டு, "உங்க ஊர்க்காரனா?" என்றார். "எங்க அண்ணன் சார்" என்றேன். "அப்ப வழக்க உன் கையாலயே எழுதும்மா, பாப்போம்" என்றார். சீருடை போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த மலைக்கே முதல் பெண் காவலர் நான். எல்லாரும் நான் எப்போது வழுக்குவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு கட்டை எடுத்து உங்கள் கையில் கொடுத்திருந்தால் எவனும் வாய் திறந்திருக்க மாட்டான். நான் கொடுக்கவில்லை. பயந்தேன். சட்டம், கடமை என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. வெறும் பயம்.

அம்மா கடைசியில் கேட்டது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இனி செடி பற்றி. கோபத்தோடு படித்தாலும் சரி, இதைப் படியுங்கள்.

அறுபத்தொன்று இருந்தது, நான்கு போனது, ஐம்பத்தேழு மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அப்பா வைத்த பெயர் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாற்பத்திரண்டு வருடம் அண்ணா! பெயர் இல்லாத செடி ஒன்று, ஒன்றே ஒன்று, அங்கே இருக்கிறதா?

எலாதியா


பெராலெஹா
8 ஆகஸ்ட் 1996

எலாதியா,

பனிமய மாதா திருநாளுக்கு ஊரே சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு சிகரத்துக்குப் போனது. நான் கூட்டத்தோடு ஏறி, பாதி வழியில் கழன்றுகொண்டு மூலைக்குப் போனேன். வழக்கம்போல நகத்தை வளர்த்துக்கொண்டு, சாக்கும் எடுத்துக்கொண்டுதான் போனேன். உன் கேள்வி சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று நிரூபித்துவிட்டு, கிள்ளிக்கொண்டு இறங்குவதாகத் திட்டம்.

இந்த முட்டியை வைத்துக்கொண்டு அந்தச் சரிவு முழுக்கத் தவழ்ந்தேன். கல்லுக்குக் கல் விலக்கிப் பார்த்தேன். பிஷப் இருந்தார். நொண்டி இருந்தான். எல்லாரும் இருந்தார்கள். பெயரில்லாதது ஒன்றும் இல்லை.

ஒன்றுகூட இல்லை எலாதியா. விரல் உயரத்துக்கு ஒரு குஞ்சுகூட இல்லை. நான் பெருமையாக எண்ணிக்கொண்டிருந்தது ஐம்பத்தேழு கிழங்களை. வேரைத் தொடாமல் விட்டோம், அதனால் பாவம் இல்லை என்று நானும் அப்பாவும் மார்தட்டிக்கொண்டோம். பூவை எல்லாம் கிள்ளிவிட்டால் பிள்ளை எங்கிருந்து வரும்? ஆடு வளர்க்கிற எனக்கு இது தெரிய வேண்டாமா? ஒரு வருடம் குட்டி போடாவிட்டால் மந்தை என்னாகும் என்று கேட்டிருந்தால் நானே விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருப்பேன். மலை விஷயத்தில் மட்டும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டேன். பிஷப் செத்தால் அவரோடு சரி. உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று நீ எழுதியதை அப்போது நம்பினேன்.

அப்பாவை நினைத்துக் கோபம் வந்தது. திட்டுவதற்கு அவர் இப்போது இல்லாததால் என்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பூவைக்கூடத் தொடவில்லை. வெறும் சாக்கோடு இறங்கினேன். மதுக்கடை வாசலில் ஃப்ராஸ்கீத்தோ, "என்னய்யா கயெதானோ, மாதா இந்த வருசம் உனக்கு ஒண்ணும் குடுக்கலையா?" என்றான். "குடுத்தா, செருப்படி" என்றேன்.

நூல் விஷயம். கோபம் தீரவில்லை. தீரும் என்று வாக்கும் கொடுக்க மாட்டேன். ஆனால் நீ மட்டும் 'பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தால் உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு, செடி எக்கேடாவது கெடட்டும் என்று இருந்திருப்பேன்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தொலை. ஆனால் ஒரு நிபந்தனை. யாரும் மேலே வரக் கூடாது. அந்தப் பேராசிரியையும் வரக் கூடாது, நீயும் வரக் கூடாது.

கயெதானோ


கிரனாடா
14 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அண்ணா,

உங்கள் பெயர் கொண்ட புனிதரின் திருநாளுக்கு ஒரு வாரம் பிந்திய வாழ்த்து. உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். அடுப்பில் இருந்த உருளைக்கிழங்கு கருகிப்போனது. அதையே சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது.

இடம் எது என்று கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். செய்ய வேண்டியது இரண்டு. விதை முற்றும்வரை மலையாட்டை அண்டவிடக் கூடாது. செப்டம்பர் கடைசியில் முற்றிய விதையைக் காற்று கொண்டுபோவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். மிளகுத்தூள் மாதிரி இருக்கும், ஒரு காற்று போதும். பாதியைப் பழைய செடிகளுக்குக் கீழே, ஈரம் நிற்கும் சரளையில் அழுத்திவிடுங்கள். மீதி பல்கலைக்கழகத்துக்கு. கம்பி வேலி அனுப்பட்டுமா என்று கேட்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. எங்கள் வேலி ஒரு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை.

வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எலாதியா


பெராலெஹா
6 அக்டோபர் 1996

தங்கச்சிக்கு,

நாற்பது வருடம் நான் சபித்த மாமியார்தான் வழி காட்டினாள். முள்ளுக்குள் உட்கார்ந்திருப்பவள் அவள் ஒருத்திதான். மலையாடு வாய் வைக்காததும் அவளிடம் மட்டும்தான். சரிவுக்குக் கீழே முள்ளுப் புதர் எக்கச்சக்கமாகக் கிடக்கிறது. காய்ந்ததாகப் பார்த்து வெட்டி முதுகில் சுமந்து ஏறினேன். ஒவ்வொரு கிழத்தைச் சுற்றியும் வைத்து மேலே கல் ஏற்றினேன். பதினெட்டு நடை. ஐம்பத்தாறு பேரையும் மாமியாராக்கிவிட்டேன். பனி விழுந்தால் முள் அமுங்கும், உருகினால் எழுந்து நிற்கும். உன் கம்பிக்கு அது தெரியாது. ஒரு பெரிய கடா வந்து மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, என்னை முறைத்துவிட்டுப் போனது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு!

விதையைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. துணி கட்டினால் ஈரத்தில் அழுகுகிறது. காகிதம் பறக்கிறது. புராவிடம் அவளுடைய நைலான் காலுறை ஒரு ஜோடி கேட்டேன். "எதுக்கு?" என்றாள். "பிஷப்புக்குப் போட" என்றேன். அறுபத்தாறு வயதில் புருஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். கடைசியில் விஷயத்தைச் சொன்னேன். எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தாள். பிறகு கல்யாணத்துக்குப் போகும்போது போடுவது உட்பட எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டிவிட்டு, "எலாதியாவுக்கு எழுதுறப்ப இதையும் எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

காலுறையைத் துண்டு துண்டாக வெட்டிப் பூத்தலைக்கெல்லாம் மாட்டிவிட்டேன். காற்று போகும், விதை போகாது. இறங்கி வரும்போது கணுக்கால் பாகம் ஒன்று என் சட்டைப்பையில் தொங்கியதை ஃப்ராஸ்கீத்தோ பார்த்துவிட்டான். ஊர் இப்போது எனக்கு மேலே ஒரு காதலி இருப்பதாகப் பேசிக்கொள்கிறது. பேசட்டும்.

பாதியைச் சரளையில் அழுத்திவிட்டேன். மூன்றாம் நாளே முதல் பனி விழுந்துவிட்டது. மீதி இந்தப் புகையிலை டப்பாவில் இருக்கிறது. உன் பேராசிரியையைத் தும்மாமல் திறக்கச் சொல்.

கயெதானோ


கிரனாடா
20 ஜூன் 1997

அன்புள்ள அண்ணா,

முதலில் நல்ல செய்தி. உங்கள் டப்பாவிலிருந்து பல்கலைக்கழகத்தில் நானூறுக்கு மேல் முளைத்துவிட்டது. பேராசிரியை இனெஸ் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். அவருக்கு அறுபது வயது. ஆனாலும் அவர் சொல்வது, கண்ணாடிக் கூண்டில் முளைப்பது பாதி வெற்றிதான், மலையில் தானாக முளைத்தால்தான் செடி பிழைத்தது என்று அர்த்தம். அதனால் உங்கள் சரளையை நினைத்துத் தினமும் கும்பிடுகிறேன். பனி எப்போது விலகும்?

இன்னொரு விஷயம். விதை எங்கிருந்து வந்தது என்று படிவத்தில் எழுத வேண்டும். நான் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தேன். தலைவர் கூப்பிட்டார். அதே தலைவர்தான், இப்போது மீசை நரைத்துவிட்டது.

"இடம் எங்கம்மா?"

"எழுதல சார்."

"ஏன்?"

"தெரியாது சார்."

"பன்னிரண்டு வருசமா ஒரு கமா விடாம எழுதுற ஆளு நீ. உனக்கா தெரியாது?"

"எங்க அண்ணன் சொல்லல. சொல்லியிருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன் சார். எழுதினா நாளைக்கே பத்து சாக்கு மேல ஏறும்."

பயம்தான் அண்ணா, மறைக்க மாட்டேன். ஆனால் இந்த முறை அதற்கு அடங்கவில்லை. அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் 'மறைவாக வைக்கப்பட்டது' என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எலாதியா


பெராலெஹா
28 ஜூலை 1997

எலாதியா, என் தங்கமே!

இருக்குதடீ! பெயரில்லாதது இருக்குது!

போன வாரம் வரைக்கும் மூலையில் பனி கிடந்தது. நேற்று ஏறினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. உட்கார்ந்து அழலாமா என்று இருந்தது. மாமியாருக்குக் கீழே, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில், வெள்ளி நிறத்தில் ஏதோ மின்னியது. சுண்டுவிரல் நகம் அளவு. மோப்பம் பிடிக்கக் குனிந்து மூக்கில் சரளை அப்பிக்கொண்டேன். அதே வாசனை! பிறகு கண் பழகிவிட்டது, பார்த்த இடமெல்லாம் இருந்தது. எண்ணினேன். நம்பாமல் திரும்ப எண்ணினேன். மூன்றாவது முறை சத்தமாக எண்ணினேன், கேட்க அந்தக் கடா மட்டும்தான் இருந்தது.

நூற்று நாற்பத்து மூன்று!

முதல் கோடையில் பாதி காய்ந்துவிடும் என்று உன் பேராசிரியை சொல்வார். காயட்டும். பாதி போனாலும் எழுபத்தொன்று நிற்கும். அப்பா விட்டுப்போனதை விட அதிகம், தெரிகிறதா? இறங்கும் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தேன். மதுக்கடையில் எல்லாருக்கும் ஊற்றச் சொன்னேன். "கயெதானோவின் காதலி பிள்ளை பெத்துட்டாளா?" என்றான் ஃப்ராஸ்கீத்தோ. "நூத்தி நாப்பத்தி மூணு!" என்றேன். ஒருத்தனுக்கும் புரியவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். அப்பா இரண்டு தப்புச் செய்தார். பூவையெல்லாம் கிள்ளியது ஒன்று. உன்னைக் கதவுக்குப் பின்னால் நிற்கவைத்தது இன்னொன்று. முதல் தப்பை என்னால் முடிந்த அளவு சரிசெய்துவிட்டேன். இரண்டாவதற்கு நீ வர வேண்டும். பனிமய மாதா திருநாளுக்கு முந்தின நாள் வந்துவிடு. புரா உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை ஒன்றைத் தொங்கவிட்டு வைத்திருக்கிறாள், நீ வந்தால்தான் வெட்டுவாளாம். மறுநாள் கூட்டத்தோடு ஏறுவோம், பாதி வழியில் கழன்றுகொள்வோம். சீருடை போட்டுக்கொண்டு வந்தாலும் சரி.

நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும் பெயர் வைக்க வேண்டும். ஒரு ஆளால் முடியாது.

உன் அண்ணன்
கயெதானோ


கிரனாடா
10 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இத்தோடு வரும் பொட்டலத்தில் பன்னிரண்டு ஜோடி நைலான் காலுறை இருக்கிறது. ஆறு அண்ணியின் காலுக்கு, ஆறு பிஷப்பின் ஆட்களுக்கு. எது எதற்கு என்று அண்ணியே முடிவு செய்யட்டும்.

இன்று அலுவலகத்தில் படிவம் நிரப்பினேன். பழைய செடி 57. தானாக முளைத்தது 143. பாதுகாப்பு முறை: முள். காப்பாளர்: கயெதானோ, பெராலெஹா. இடம்: மறைவாக வைக்கப்பட்டது. தலைவர் படித்துவிட்டு, "இப்பவாவது உனக்குத் தெரியுமாம்மா?" என்றார். "தெரியும் சார்" என்றேன். என் வேலையில் நான் இவ்வளவு திமிராக ஒரு பதிலும் சொன்னதில்லை. அவர் சிரித்துவிட்டார். உங்கள் முள்வேலி பற்றிப் பேராசிரியை இனெஸ் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எங்கள் ஆறு சரிவிலும் கம்பியைப் பிடுங்கிவிட்டு, இந்த இலையுதிர்காலத்தில் முள் வைக்கப்போகிறோம். வந்து எப்படி என்று காட்டுவீர்களா? உங்கள் பின்னால் இருபது காவலர்கள் முள் சுமந்து வருவதைப் பார்க்க எனக்கு ஆசை.

நூற்று நாற்பத்து மூன்றில் முப்பதுக்குத்தான் பெயர் வைத்து முடித்தோம். மீதிக்கு நான் பட்டியல் போடுகிறேன். ஃப்ராஸ்கீத்தோ பெயரை ஒன்றுக்கு வைத்தே தீருவது என்று நீங்கள் அடம் பிடித்ததையும் சேர்த்துக்கொண்டேன்.

இன்னொன்றைச் சொல்லவில்லை. அங்கேயே சொன்னால் இரண்டு பேருமே இறங்கி வர முடியாமல் போயிருக்கும்.

அன்றைக்கு மூட்டையை எரித்தார்களே, அந்த நெருப்புக்கு முன்னால் நான் ஒன்றே ஒன்றை உருவி எடுத்தேன். கட்டைக் காப்பாற்றத் துணிச்சல் வரவில்லை. நூலை மட்டும் காப்பாற்றினேன். பன்னிரண்டு வருடம் என் சீருடைப் பெட்டியில் கிடந்தது. மூலையில் நீங்கள் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனீர்கள் அல்லவா? அப்போது பிஷப்பின் முள்ளை விலக்கி, பூவோடு நிற்கிற ஒரு கைப்பிடித் தண்டைச் சுற்றி அந்தச் சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டினேன். கிள்ளவில்லை. வேர், பூ, விதை எல்லாம் அதோடுதான் இருக்கிறது.

அடுத்த தடவை ஏறும்போது பார்ப்பீர்கள். அவிழ்க்காதீர்கள் அண்ணா. அது வீட்டுப் பங்கு. அம்மாவுடையது.

உங்கள் தங்கை
எலாதியா